யாருடைய வேகம்?

அண்மைக் காலமாக ஒரு புதுவகை ஒப்பாரி உலகெங்கும் கேட்கின்றது. பெற்றோலை மட்டுமே உண்டு இடியென முழங்கிப் பாய்ந்த வேகக் கார்களின் காலம் முடிகின்றதாம். 2023இல் லம்போர்கினி தன் பன்னிரண்டு உருளை இயந்திரத்துடன் மூன்று மின்மோட்டர்களைச் சேர்த்தது. 2024இல் போர்ஷே தன் புகழ்பெற்ற 911 வண்டிகளில் ஒன்றை ஹைபிறிட் ஆக்கியது. 2025 ஆவணியில் நிசான் தன் ஜி.ரி.ஆர். வண்டியின் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இரங்கற்பா எழுகின்றது. ‘ஆன்மா போயிற்று’, ‘ஓசை போயிற்று’, ‘இனி வருவன வெறும் வீட்டுச் சாதனங்களே’ என்பன அவ்விரங்கற்பாக்களின் வழக்கமான பல்லவிகள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. காங்கேசன்துறை வீதியில் லம்போர்கினி ஓடுவதில்லை. ஆனால் நமது வகுப்பறையின் பின்வரிசையில் அது நாள்தோறும் ஓடுகின்றது. ‘எனது இலட்சியம்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தபொழுது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தான் வாங்கவிருக்கும் காரின் குதிரைவலுவையும், அது நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டும் வினாடிக் கணக்கையும் தவறின்றி எழுதியிருந்தான். அவன் தகப்பனார் கடற்றொழிலாளர். அக்கட்டுரையைத் திருத்தும் சிவப்பு மையினால் ஒற்றுப் பிழைகளை மட்டும் சுழித்துவிட்டுக் கடந்து செல்ல நம்மால் முடியவில்லை. இளைஞனொருவன் எதை அழகென்று கருதுகின்றான், எதை இழப்பென்று கருதி வருந்துகின்றான் என்பது இலக்கிய விமரிசனத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

முதலில் ஓசையை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தின் முழக்கத்தை அழகெனக் கொண்டாடும் மனோபாவம் நேற்றுப் பிறந்ததன்று. 1909 மாசியில் பாரிசின் பத்திரிகையொன்றில் இத்தாலியக் கவிஞர் மரினெத்தி வெளியிட்ட எதிர்காலவாத அறிக்கை, உறுமிப் பாயும் பந்தயக் காரைக் கிரேக்கச் சிற்பத்தினும் மேலான அழகாகப் பிரகடனம் செய்தது. அதே அறிக்கை போரையும் போற்றியது. பத்தாண்டு கழித்து, 1919இல், மரினெத்தி முசோலினியின் கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நின்றார். வேகத்தை விரும்புவோரெல்லாம் பாசிசவாதிகள் என்று கூற நாம் முன்வரவில்லை. அப்படிக் கூறுவது அறிவீனம். ஆயினும், வேகம் யாருக்காக, எதை நோக்கி என்ற வினாவைக் கழித்துவிட்டு வேகத்தை மட்டும் தனித்தெடுத்து வழிபடும் அழகியல் எத்தகைய கைகளிற் போய்ச் சேரக்கூடும் என்பதற்கு அவ்வரலாறு ஒரு சான்று.

நமது இலக்கியத்திலும் விரைந்து செல்லும் வண்டிகள் உண்டு. பாரியின் தேரை ஈண்டு நாம் இழுத்துவர விரும்பவில்லை. பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் அது வேண்டிய அளவு இழுக்கப்பட்டுவிட்டது. நாம் குறிப்பிட விழைவது அகநானூற்றின் நான்காம் பாட்டை. குறுங்குடி மருதனார் பாடிய அம்முல்லைத் திணைப் பாட்டில், கார்காலந் தொடங்கத் தலைவியை நாடித் தேரில் விரைந்து வருகின்றான் தலைவன். வழியிற் பூவில் தேனுண்ணும் வண்டுகள் ஓசை கேட்டு வெருளுமே என்றஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். அவனுக்கும் அவசரந்தான், அவன் தேரும் விரைவுடையதுதான். ஆனால் தன் வேகத்தை ஊரறியச் செய்யவேண்டுமென்ற ஆசை அவனிடமில்லை. புகைபோக்கியின் உட்பாகத்தைக் கழற்றியெறிந்துவிட்டு வைத்தியசாலை வீதியில் உறுமிச் செல்லும் நமது இளைஞர்கள் இப்பாட்டைப் பரீட்சைக்காகப் படித்துப் பொழிப்புரையும் எழுதியிருப்பார்கள் என்பதே வேதனைக்குரியது.

தற்காலப் புனைகதையிற் காருக்கு வேறொரு வேலை இருந்துவந்திருக்கின்றது. 1966இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழையில் நனைந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஏழை மாணவியின் முன்னால் வந்து நிற்பது ஒரு பெரிய கார். அக்கதையைப் பற்றி எத்தனையோ விவாதங்கள் நடந்தன. பெரும்பாலும் அவை கற்பு பற்றியவை. அக்காரை யாரும் அதிகம் விவாதித்ததாக நாம் காணவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுக்கும் காரில் வந்திறங்குபவனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கதாசிரியர் ஒரு வசனமும் பேசாமலே அந்த வண்டியினாற் காட்டிவிடுகின்றார்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே செயற்றிறன் மிக்க கார் என்று ஒன்று உண்மையில் இருந்ததா? இருந்தது. அதன் பெயர் ஒஸ்ரின் ஏ-40. இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்திற் செய்யப்பட்ட, 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் ஏறத்தாழ 40 குதிரைவலுவும் கொண்ட சாதாரண வண்டி. அதனுடன் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் சேர்ந்து குடாநாட்டின் வாடகைக் கார்த் தரிப்பிடங்களைப் பல தசாப்தங்கள் நிரப்பி நின்றன. அவற்றின் உச்ச வேகம் பற்றி எவரும் பெருமை பேசியதில்லை. ஆனால் 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டு, பெற்றோலும் பற்றறியும் உட்பட எத்தனையோ பொருள்கள் வடக்கே வருவது தடைசெய்யப்பட்டபின், அவை காட்டிய செயற்றிறனை எந்தப் பந்தயத் திடலும் கண்டிராது.

அந்நாளில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. இதன் நுட்பத்தை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் குளிர்ந்த இயந்திரத்தை அதனால் முடுக்க இயலாது. சிறு போத்தலொன்றில் அடைத்து மெல்லிய குழாய் வழியாக விடும் கொஞ்சப் பெற்றோலினால் இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மேலும், உருளையினுள் அமுக்கம் மிகுந்தால் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்பே வெடித்து இயந்திரம் ‘தட்டத்’ தொடங்கும். ஏ-40இன் அமுக்க விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. இன்றைய வேகக் கார்களிற் பலவற்றில் அது பத்துக்கும் மேல். மிகுந்த அமுக்கம் மிகுந்த வலுவைத் தரும். ஆனால் உயர்ந்தரக எரிபொருளையே உண்ணும். பின்தங்கியதென்று கருதப்பட்ட பழைய இயந்திரத்தின் அந்தக் ‘குறைபாடே’ யாழ்ப்பாணத்துக்குக் கைகொடுத்தது. வளர்ச்சி என்பது எப்பொழுதும் ஒரே திசையில் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

இதைச் சாத்தியமாக்கியவர்கள் யார்? கராச் தொழிலாளர்கள். பெரும்பாலோர் பொறியியற் பட்டம் பெற்றவரல்லர். பலர் பள்ளிப் படிப்பையே முடித்தவரல்லர். உதிரிப்பாகம் வராத காலத்தில் ஒரு வண்டியைப் பிரித்து மற்றொன்றை உயிர்ப்பித்தார்கள். தேய்ந்த பாகத்தைக் கடைசலிற் போட்டுத் தாமே செய்தார்கள். அவர்களுடைய அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. கர்ப்பிணிகளும் காயப்பட்டோரும் வெண்புகை கக்கும் அந்தக் கார்களில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றால், அது அவ்வறிவின் பயன். நமது பிரதேச வரலாற்றை எழுதுவோர் நாவலர்களையும் நியாயவாதிகளையும் பற்றி எழுதிய பக்கங்களில் ஒரு பங்கையாவது இவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

ஆயினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இக்காலத்தில் புலம்பெயர்ந்தோர் தயாரிக்கும் காணொளிகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் மண்ணெண்ணெய்க் கார் ஓர் இனிய கதையாகிவிட்டது. ‘அந்த நாள் எவ்வளவு அழகு’ என்று அவர்கள் எழுதுகின்றார்கள். நாம் சிறு பிள்ளையாயிருந்த அந்நாளில் வீடுகளில் மின்சாரமில்லை. திரியைச் சுருக்கி எண்ணெயைச் சிக்கனஞ்செய்யும் ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்துதான் மாணவர் படித்தார்கள். விளக்குக்கு வேண்டிய அதே மண்ணெண்ணெய்தான் காருக்கும். எனவே காரில் ஓடிய ஒவ்வொரு லீற்றரும் ஏதோவொரு விளக்கில் எரியாத லீற்றர். ஆஸ்பத்திரிக்கு ஓடியதா, கலியாண வீட்டுக்கு ஓடியதா என்ற வினாவுக்கு அன்று உண்மையான பொருளிருந்தது. தடை ஓர் அநீதி. மக்களின் சாமர்த்தியத்தைப் புகழும்போது அந்த அநீதி புகழின் ஒளியில் மறைந்துவிடலாகாது.

2009இல் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்துக்கு வந்தவற்றுள் ஹைபிறிட் கார்களும் அடங்கும். ரொயோட்டா நிறுவனம் 1997இல் யப்பானில் முதன்முதலாகப் பிறியஸை விற்பனைக்கு விட்டது. அதன் வழிவந்த அக்குவாவும், ஹொண்டாவின் வெசலும், சுசுக்கியின் வாகன்-ஆரும் யப்பானிற் சிறிது காலம் ஓடியபின் கப்பலேறி இங்கே வந்தன. எரிபொருட் சிக்கனம் என்ற பெயரில் அரசாங்கம் சில காலம் அவற்றுக்கு வரிச் சலுகையும் அளித்தது. வைத்தியர்களும் உயர் அலுவலர்களும் பெற்ற சலுகை அனுமதிப்பத்திரங்களும் சேர்ந்துகொள்ள, ஹைபிறிட் கார் நமது மத்தியதர வர்க்கத்தின் புதிய முற்றத்து அலங்காரமாயிற்று. பாடசாலை ஆசிரியர்களிற் பெரும்பான்மையினர் அந்த அலங்காரத்தை வீதியில் நின்றே கண்டு களித்தனர் என்பதையும் பொறாமையின்றிப் பதிவுசெய்கின்றோம்.

ஹைபிறிட்டை நாம் இகழவில்லை. அதன் தத்துவம் நேர்த்தியானது. சாதாரண கார் தடைபிடிக்கும்பொழுது அதன் இயக்கசக்தி வெப்பமாகி வீணாகின்றது. ஹைபிறிட், அதில் ஒரு பகுதியை மின்னாக மாற்றிப் பற்றறியிற் சேமித்து, மறுபடி புறப்படும்பொழுது செலவிடுகின்றது. ஆகவே நின்று நின்று ஊர்ந்து செல்லும் நகர நெரிசலில்தான் அதன் பயன் மிகுதி; சீரான வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையிற் குறைவு. மேடு பள்ளமற்ற நமது குடாநாட்டில், பருத்தித்துறை வீதியில் காலையில் ஒரே கதியில் ஓடும் வண்டிக்கு, கொழும்பிற் கிடைக்கும் இலாபம் அப்படியே கிடைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

2022இல் அந்த இலாபத்தின் அருமை தெரிந்தது. அவ்வாண்டு ஆனி இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. ஆடியில் அறிமுகமான எரிபொருள் அட்டை முறைப்படி, காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த 20 லீற்றரில் ஹைபிறிட் சென்ற தூரத்துக்குப் பழைய காரினாற் செல்ல இயலவில்லை. வரிசையில் மணிக்கணக்காக நின்றவர் எவரும் இதை மறுக்கமாட்டார்கள். நாம் அந்நாட்களிற் சைக்கிளுக்குத் திரும்பினோம். யாழ்ப்பாணத்தில் அது திரும்பிப் போவதாகவே தோன்றவில்லை.

ஆனால் வேறொன்றையும் அவ்வாண்டு காட்டியது. ஆவணியில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் சிறு படகுகளின் பின்புறத்திற் பூட்டிய மோட்டர்கள் மண்ணெண்ணெயிலே ஓடுபவை. ஹைபிறிட் பற்றியும் மின்கார் பற்றியும் நாட்டிற் பேசப்படும் பேச்சில் பத்தில் ஒரு பங்கேனும் இம்மோட்டர்களைப் பற்றிப் பேசப்படுவதில்லை. குடாநாட்டின் உழைப்பைத் தாங்கும் இயந்திரம் வீதியில் இல்லை, கடலில் இருக்கின்றது. அதற்கு மாற்று என்ன, அம்மாற்றை யார் கொடுப்பார், எந்த விலைக்கு என்பதே எரிபொருள் மாற்றத்தின் முதல் வினாவாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை, ஏனெனில் வினாவை எழுப்புவோர் கார் வைத்திருப்போர்.

இனி, கராச்சுக்குத் திரும்புவோம். ஏ-40இன் மூடியைத் திறந்தால் உள்ளே உள்ளதனைத்தும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஹைபிறிட்டின் மூடியைத் திறந்தால் செம்மஞ்சள் நிற உயரழுத்த மின்கம்பிகளும் மூடி முத்திரையிட்ட பெட்டிகளும் தெரியும். தொட்டால் உயிராபத்து. குறையைக் கண்டறியக் கணினி வேண்டும். அதற்கு உரிய மென்பொருள் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பற்றறியைக் குளிர்விக்கும் சிறு விசிறியின் வடிகட்டியில் நமது செம்மண் தூசி அடைத்துப் பற்றறி சூடேறிக் கெடுவதுண்டு. தூசியைத் தட்டிவிட்டால் தீர்ந்திருக்கும் குறை, அறியாமையினாற் பல இலட்சம் ரூபாச் செலவில் முடிவதுமுண்டு. இங்குள்ள இளம் தொழிலாளர் சிலர் கெட்ட பற்றறிகளைப் பிரித்து, உள்ளிருக்கும் நல்ல கலங்களைத் தெரிந்தெடுத்து மீண்டும் கோக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றார்கள். மண்ணெண்ணெய்க் காரை ஓட்டியவர்களின் வாரிசுகள் இவர்களே என்று நாம் கருதுகின்றோம். ஆனால் அத்தொழிலைப் பாதுகாப்பாகச் செய்வதற்குரிய பயிற்சியும் கையுறையுங்கூட அவர்களிற் பலருக்கு இல்லை. தொழிலாளியின் கைக்குள் இருந்த அறிவு, தயாரிப்பாளனின் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்வது புதிய தொழினுட்பத்தின் இயல்பன்று. அது உடைமை முறையின் இயல்பு. பெற்றோல் இயந்திரத்துக்காக அழுவோர் ‘ஆன்மா’ என்று சொல்வதில் ஏதேனும் பொருளிருக்குமாயின் அது இதுவாகவே இருக்க முடியும்: திறந்து பார்க்கவும் திருத்தவும் மனிதனுக்கிருந்த உரிமை. ஆனால் அவர்கள் இதற்காக அழவில்லை. அவர்கள் பாடும் வேகக் கார்களின் மூடியை உரிமையாளனே திறப்பதில்லை.

வேகக் கார்களை ஹைபிறிட் ஆக்குவதன் நோக்கமும் எரிபொருட் சிக்கனந்தானா? பெரிதும் அன்று. மேலே கூறிய லம்போர்கினியின் கூட்டு வலு ஆயிரம் குதிரைவலுவைத் தாண்டுகின்றது. அங்கே மின்மோட்டர் வந்தது பெற்றோலைக் குறைக்க அன்று. பெற்றோல் இயந்திரத்தைச் சட்டத்தின் முன் காப்பாற்றிக்கொண்டு, வேகத்தையும் விலையையும் கூட்டிக்கொள்ள. மெர்சிடிஸ் நிறுவனம் 2022இல் தன் சி-63 வண்டியின் எட்டு உருளை இயந்திரத்தை எடுத்துவிட்டு, இரண்டு லீற்றர் நான்கு உருளை இயந்திரத்துடன் மின்மோட்டரைப் பூட்டியது. வலு முன்னையதினும் கூடியது. பழைய அபிமானிகளோ ஓசை போயிற்றென்று கோபித்துக்கொண்டார்கள். எடையும் கூடியது என்பதை அவர்கள் சொன்னபோது மட்டும் நாம் அவர்களுடன் உடன்படுகின்றோம். மின்னேற்றிக்கொள்ளும் ஹைபிறிட் கார்கள் உண்மை வீதியில் வெளியிடும் கரியமிலவாயு, பரிசோதனைக் கணக்கினும் ஏறக்குறைய மூன்றரை மடங்கென்று 2024இல் ஐரோப்பிய ஆணையமே அறிக்கையிட்டது. உரிமையாளர்கள் மின்னேற்றுவதிற் காட்டும் சோம்பலும் இதற்கொரு காரணம். 2035இன் பின் புகைவிடும் புதிய கார்களே கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்த சட்டத்தைத் தளர்த்தும்படி அதே ஆணையம் 2025 மார்கழியில் முன்மொழிந்ததையும் இதனுடன் சேர்த்து வாசிக்கவேண்டும். கார்த் தொழில் முதலாளிகளின் குரல், கார் இயந்திரத்தின் குரலினும் தெளிவாகக் கேட்கின்றது.

எனவே பெற்றோல் வேகக் காரின் எதிர்காலம் பற்றி நமது கணிப்பு இது. அது அழியாது. பணக்காரரின் பொம்மையாக, பந்தயத் திடலின் காட்சிப் பொருளாக, முன்பு குதிரை ஆனதுபோல் அது நிலைக்கும். 2014 முதல் ஃபோர்முலா வண் பந்தய வண்டிகளே ஹைபிறிட்தான். 2026ஆம் ஆண்டின் விதிகளோ அவற்றின் வலுவில் ஏறத்தாழப் பாதியை மின்னிலிருந்து பெறச் சொல்கின்றன. அதற்காகக் கண்ணீர் விடவேண்டிய கடமை நமக்கில்லை. அதேவேளை ஹைபிறிட் வந்தவுடன் பூமி குளிர்ந்துவிட்டதென்று நம்பவேண்டிய கடமையும் நமக்கில்லை. பற்றறிக்குரிய கோபால்ற்று கொங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. அங்கே வெறுங்கையால் மண் தோண்டுவோரிற் சிறுவர்களும் உள்ளனர். மின்சாரம் தூய்மையானதென்ற பேச்சை யாழ்ப்பாணத்தவர் கேட்கும்போது சுன்னாகத்தை நினைத்துக்கொள்ளாதிருக்க முடியாது. அங்கே மின்னிலையக் கழிவெண்ணெய் கிணற்று நீரிற் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழும் நமக்கு, நிலத்தில் ஊற்றியது கிணற்றில் வரும்.

2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 மாசியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. மறுநாள் முதல் நமது ஆசிரியர் ஓய்வறையின் பேச்சு முழுவதும் வரி வீதங்களும் லீசிங் தவணைகளுமே. 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையின் இன்றைய நிலையைப் பற்றி அதே அறையில் எவரும் பேசக் கேட்டிலோம். மாலை ஆறு மணிக்குப் பின் நம் மாணவியொருத்தி பிரத்தியேக வகுப்பு முடிந்து தீவுப்பகுதிக்குத் திரும்ப எத்தனை பஸ் உண்டென்று கேட்டால், அவ்வறையில் விடை தெரிந்தவர் அவளுடைய வகுப்பாசிரியர் ஒருவரே. ஹைபிறிட் பஸ் ஒன்று வருமாயின் அதை வரவேற்கும் முதற் கட்டுரையை இவ்விதழிலேயே எழுத நாம் சித்தமாயுள்ளோம்.

‘எனது இலட்சியம்’ எழுதிய மாணவனின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, கண்டனமாக ஒன்றும் எழுதவில்லை. ‘தகப்பனாரின் படகு ஒருநாட் கடலுக்கு எத்தனை லீற்றர் குடிக்கின்றது, அதன் விலை பிடித்த மீனின் விலையில் எத்தனை பங்கு என்று அவரிடமே கேட்டு எழுதுக’ என்று மட்டும் அடியில் எழுதினோம். அடுத்த கிழமை கொப்பி திரும்பி வந்தது. ஒரு பக்கம் முழுவதும் கணக்கு. எழுத்து தகப்பனாருடையதாக இருக்கவேண்டும். அதன் கீழே பென்சிலால் வரைந்த சிறிய படகு. அதன் பின்புறத்தில் இரண்டு மோட்டர்கள் பூட்டியிருந்தன. ஒன்றின்மேல் ‘மண்ணெண்ணெய்’ என்றும் மற்றதன்மேல் ‘பற்றறி’ என்றும் பையன் எழுதி, இரண்டாவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.